அப்பன் குடுத்த வண்டி

மதுரை காளவாசல் சிக்னலில் பட்டுச் சேலையோடு வண்டி தள்ளியவள் நான். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பிக்கப்பின் பின்கதவில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். வண்டி அசையவில்லை. அசையாது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், பக்கத்தில் என் மாமியார். கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள் எல்லாம் பின்னால் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் இறங்கத்தான் பார்த்தார்கள். மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்.

"எல்லாரும் எதுக்கு எறங்கிக்கிட்டு? பட்டெல்லாம் கசங்கிப் போகும். அவ தள்ளட்டும். அவ அப்பன் குடுத்த வண்டிதான."

அவர் எப்போதும் கத்திப் பேசமாட்டார். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவரைக் கெட்டவர் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து, "ஏங்க, ஒத்தப் பொம்பளய தள்ள விட்டுட்டு அம்புட்டுப் பேரும் உக்காந்திருக்கீங்களே, சோறுதான் திங்கிறீங்களா?" என்று சத்தம் போட்டு வண்டியை ஓரம் கட்டினார்கள். என் சேலைத் தோளில் கரியும் கிரீஸும் அப்பிக்கொண்டது. அந்தக் கறையோடுதான் கல்யாண வீட்டில் அன்று முழுக்கப் பந்தி பரிமாறினேன். வேறு சேலை மாற்றக் கேட்டதற்கு, "இருக்கட்டும், கேக்குறவங்களுக்குச் சொல்ல வசதியா இருக்கும்" என்றார் மாமியார்.

அது பழைய வண்டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில், ஊரார் காட்டில் கூலி வேலை பார்த்தே வளர்ந்தவர் என் அப்பா. அம்மா போன பிறகு என்னை ஒற்றையாளாக வளர்த்தார். சொந்தமாகக் கொஞ்சம் வெள்ளாமைக் காடு வாங்கி, அதில் ஒரு பகுதியை விற்றுத்தான் எனக்குக் கல்யாணச் சீராக அந்தப் பிக்கப்பை வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை வாடகை வண்டி ஓட்டுகிறவர், சொந்த வண்டி இருந்தால் மகள் நன்றாக இருப்பாள் என்று கணக்குப் போட்டார். விற்றவரிடமிருந்து வாங்கிவந்து கல்யாணம் வரைக்கும் அப்பாவே காட்டுக்கும் சந்தைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள்கூட நிற்கவில்லை. இதை நான் நன்றாக நினைவில் வைத்திருந்தேன். பின்னால் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தேன்.

கல்யாணம் முடிந்து மதுரைக்கு வந்த அன்று எனக்கு முன்பாக வண்டிக்குத்தான் மரியாதை நடந்தது. மாமியார் ஏற்கெனவே குறி சொல்கிற ஒரு கோடாங்கியிடம் போய்ச் செப்புத் தகடு எழுதி வாங்கி வைத்திருந்தார். விரல் நீளத்துக்குச் சுருட்டிய தகடு, அதில் கறுப்புக் கயிறு. "செகண்ட் ஹேண்டு வண்டி. எவன் வச்சிருந்தானோ, யார் மேல ஏத்துனானோ. போதாததுக்குப் பொண்ணு வீட்டுத் தோஷம் வேற ஒட்டிக்கிட்டு வரும்" என்றார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. வண்டிக்கு உயிர் இருக்கிற இடத்தில், ஆள் கண் படாமல் கட்டச் சொல்லி உத்தரவாம். பானட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினை ஒட்டிப் போகும் வயர்க் கட்டோடு சேர்த்து அவர் கையாலேயே இறுக்கிக் கட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இதத் தொட்டா தொட்ட கை வெளங்காது. வீட்டுக்கு வெலக்கான நாள்ல பானட் பக்கமே வந்துராத, சொல்லிட்டேன்."

முதல் மழைக்காலம் வரை வண்டி ஓடியது. அதற்குப் பிறகு நிற்க ஆரம்பித்தது. எஞ்சின் நன்றாகச் சூடானதும், பாலம் ஏறும்போதோ சிக்னலில் நிற்கும்போதோ, இருமல்கூட இல்லாமல் பட்டென்று அணைந்துவிடும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். காய்கறி லோடு ஏற்றுகிறவர்களுக்கு அரை மணி நேரம் என்பது என்ன என்று சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காளவாசலில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் ஸ்கேனரைச் சொருகி, அது காட்டிய கோளாறுக் கோடு நம்பரைப் பார்த்து, "கிராங்க் சென்சார்ணே" என்றார். எஞ்சின் சுற்றுகிறதா, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னச் சாமான் அது. அதிலிருந்து சேதி வராவிட்டால், எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். அப்புறம் எஞ்சின் நிஜமாகவே நின்றுவிடும். புதுச் சென்சார் போட்டார். சில நாள் ஓடி நின்றது. அது டூப்ளிகேட் என்று சொல்லி வேறு போட்டார். நின்றது. சென்சார் பார்க்கிற பல் சக்கரம் தேய்ந்திருக்கும் என்று எஞ்சினைப் பாதி பிரித்தார். சக்கரம் நன்றாக இருந்தது. டீசல் பம்ப்பைக் கழற்றினார். எர்த் வயர் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பானட்டைத் திறந்ததும் அந்தத் தகட்டை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஸ்பேனரை எடுப்பார். சாமிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாமியைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார்.

வீட்டில் மாமியார் வேறு ஸ்கேனர் வைத்திருந்தார். அதில் ஒரே கோடுதான் காட்டும், என் பெயர். வண்டி நின்ற அன்று காலையில் நான் எந்தக் காலை முதலில் வாசலில் வைத்தேன், தலைக்குக் குளித்தேனா, எதிரே போய் நின்றேனா என்று விசாரணை நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லும்போது பெருமூச்சு விட்டுச் சொல்வார்.

"என்ன செய்ய? வண்டியில லோடு தங்கல, வயித்துல புள்ள தங்கல. வந்தது ரெண்டுமே பழுது."

என் வீட்டுக்காரர் என்னை அடித்ததே இல்லை. அதை அவருடைய அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். அவர் ஒன்றுமே செய்ததில்லை என்பதுதான் உண்மை. அம்மா பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது சாப்பாட்டில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை நான், "எங்க அப்பா ஓட்டுனப்ப நிக்கலயே, இங்க வந்த பெறகுதான நிக்கிது" என்று கேட்டேன். "அப்ப எங்க வீட்டுலதான் கோளாறுங்கிறியா?" என்றார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் வண்டி நிற்காமல் ஓடியதாம். அதையும் மாமியார் கவனித்துச் சொன்னார்.

கடைசியில் தக்காளி லோடுதான் முடித்துவைத்தது. சித்திரை வெயிலில், திருமங்கலம் தாண்டிக் கப்பலூர் பக்கம் வண்டி நின்றுவிட்டது. அன்று அரை மணி நேரத்தில் ஆறவில்லை. சந்தைக்குப் போய்ச் சேரும்போது அடிக்கூடைகளில் இருந்து சாறு ஒழுகியதாம். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்தார். மாமியார் அதை எடுத்து மடித்து வைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"வண்டிய அவ அப்பன் வீட்டுல கொண்டு போய் விட்டுரு. அவளயும் அதுலயே ஏத்திக்கிட்டுப் போ. சரி பண்ணி அனுப்பட்டும். வண்டி ஓடுச்சுன்னா ரெண்டும் வரட்டும். இல்லயா, ரெண்டும் அங்கனயே கெடக்கட்டும்."

ஆக நான் திரும்பி வாழ வருவதும் வராததும் ஒரு சென்சார் கையில் இருந்தது. மறுநாள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு ஏறினேன். கல்லுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அணைந்தது. அவர் இரண்டு தடவை சாவியைத் திருகிப் பார்த்தார். பிறகு சாவியை உருவி என் மடியில் போட்டுவிட்டு இறங்கினார். "ஒங்க அப்பாவுக்குப் போன் போடு" என்றவர், எதிர்ப்பக்கம் வந்த மதுரை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். ஜன்னல் சீட்டில்தான் உட்கார்ந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று பார்த்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

அப்பா பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் போனோம். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மாடு செத்தால் இழுத்துப் போவார்களே, அப்படித்தான் இருந்தது. "மறுவீட்டுக்கு வந்தியாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். விஷயம் தெரிந்துதான் கேட்டாள்.

அப்பாவிடம் ஆறுதல் எதிர்பார்த்தது என் தப்பு. அவர் திண்ணமாகச் சொன்னார்: "ஊருல தலகாட்ட முடியல தாயி. எப்படியாச்சும் சரி பண்ணி, கொண்டு போய் விட்டுருவோம்." வண்டியைச் சொன்னாரா, என்னையா என்று தெரியவில்லை. காட்டை விற்றது அவர், கறைபட்டது நான், இரண்டு பேரும் சேர்ந்து யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போகிற மாதிரி பேசினார்.

திருமங்கலத்தில் ஒரு பாயின் பட்டறைக்குக் கொண்டு போனோம். அவரும் ஸ்கேனரைப் போட்டார், அதே கோடு வந்தது. கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், பழைய சாமான் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "பாய், சென்சார மாத்தியாச்சு, சக்கரத்தப் பாத்தாச்சு, பம்ப்ப கழட்டியாச்சு. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல வயர் போகுதுல்ல, அத ஒருத்தராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். காளவாசல் பட்டறையில் டீ வாங்கிக்கொடுத்து நின்று நின்று கற்றது அவ்வளவுதான். பாய்க்குக் கோபம் வந்தது. "அப்ப நீயே உக்காந்து ஆக்சிலேட்டர மிதி, அசச்சுக் காட்டுறேன்" என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு, சூடேற்றி, வயரை ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். எங்கே ஆட்டும்போது எஞ்சின் அணைகிறதோ அங்கே கோளாறு. நான் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். அவர் சென்சார் முனையில் ஆட்டினார், கம்ப்யூட்டர் முனையில் ஆட்டினார், நடுவில் ஆட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. "பாத்தியா, வயர் நல்லாத்தான் இருக்கு" என்று கையைத் துடைத்தார். நான் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன்.

"கயிறு கட்டிருக்கிற எடத்த ஆட்டலயே பாய்."

அவர் முகம் மாறியது. "அது ஒங்க சாமி காரியம்மா. நான் கை வச்சு, நாளைக்கு வண்டி எங்கயாச்சும் முட்டுச்சுன்னு வையி, பாய் தொட்டதாலதான்னு பேசுவாங்க. எனக்கு எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அப்படித்தான் பேசுவார்கள். காளவாசல்காரர் பக்தியில் தொடவில்லை, இவர் பயத்தில் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று எனக்கு வீட்டுக்கு விலக்கு. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். மாமியாரின் மெல்லிய குரல் காதுக்குள் ஓடியது. போனால் கை போகட்டும் என்று உள்ளே விட்டேன். தகட்டை இரண்டு விரலால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். எஞ்சின் அணைந்தது.

பட்டறையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி குத்தம் ஆத்தா, கைய எடு, கைய எடு" என்று நடுங்கினார். நான் பாயை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஸ்டார்ட் ஆனது. தகட்டை ஆட்டினேன், அணைந்தது. மறுபடியும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். மறுபடியும் அணைந்தது. அதற்குள் பாய்க்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து குனிந்து பார்த்தார். மேஜையில் இருந்த கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே அறுத்துரு தங்கச்சி. ஓ வீட்டுக் கயிறு."

அறுத்தேன். தகடு கழன்று வந்ததும் அதற்கு அடியில் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. வயருக்கு மேலே போட்டிருந்த கறுப்புக் குழாய் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே சென்சார் வயரின் தோல் உரிந்து செம்பு பளபளத்தது. கயிறு இறுக்கிக் கட்டியதில் தகட்டின் ஒரு விளிம்பு வயரையும், இன்னொரு விளிம்பு பக்கத்து இரும்புப் பட்டையையும் ஒட்டி நின்றிருக்கிறது. எஞ்சின் சூடேறிக் குலுங்கும்போது இரண்டையும் ஒருசேரத் தொடும். சென்சார் சொல்கிற சேதி இரும்பில் இறங்கிப் போய்விடும். ஆறினால் விலகிவிடும். "அடப்பாவிகளா, இதுக்கா எஞ்சினப் பிரிச்சானுங்க?" என்றார் பாய். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் ஒன்றும் இல்லை. அத்தனை நாள் என்னை வைத்து நடந்த விசாரணைக்கெல்லாம் குற்றவாளி என் உள்ளங்கையில் இருந்தது.

வயருக்குப் புதுத் தோல் சுற்றி, புதுக் குழாய் மாட்டி, இரும்புப் பட்டையை விட்டுத் தள்ளிக் கட்டினார் பாய். உச்சி வெயிலில் மண் மூட்டை ஏற்றிக்கொண்டு கல்லுப்பட்டி போய்த் திரும்பினோம். பாலத்தில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தோம். அணையவே இல்லை. மஞ்சள் விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. அப்பா உடனே போனை எடுத்து, "வண்டி சரியாயிருச்சு மாப்ள, வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள" என்றார். போனை வைத்த பிறகு என்னிடம் கெஞ்சினார்.

"எதுனால நின்னுச்சுன்னு சொல்லாத தாயி. ஓடுது, அது போதும். அந்தம்மா மனசு கஷ்டப்படும்."

அந்தம்மாவின் மனசு. எனக்கு வந்த கோபத்துக்கு அப்பாவென்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். தகட்டை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் மகனும் வந்தார்கள். மகன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி சூடானப்பவும் நிக்கலயா?" மாமியார் நேராகப் போய்ப் பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"தகடு எங்க?"

நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். எடுத்துக் கையில் கொடுத்தேன். அதில் வயரின் நீலத் தோல் உருகி ஒட்டியிருந்தது. எங்கே உரசியது, எங்கே தொட்டது, எப்படி அணைந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னேன். இரும்புப் பட்டையைத் தொட்டுக் காட்டினேன். நான் தொட்டேன், அறுத்தேன், என் கை விளங்குகிறது என்றும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவர், புரியாமல் இருக்காது. அவர் கண் பட்டைக்குப் போய், தகட்டுக்குப் போய், அம்மா முகத்துக்குப் போனது. அப்புறம் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மாமியார் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம் காட்டினார்.

"பாருங்க சம்பந்தி. எப்படித் தேஞ்சு கருகிப் போச்சுன்னு பாருங்க. இவ கொண்டாந்த தோஷம் அம்புட்டையும் இதுதான் இழுத்து வாங்கிருக்கு. வேல முடிஞ்சு தானாக் கழண்டுருச்சு. அதான் வண்டி ஓடுது."

பட்டறையில் என்னோடு நின்றவர், தன் கண்ணால் பார்த்தவர், என் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஆமாம்மா, ஆமாம்மா. எல்லாம் அந்தத் தகடு செஞ்ச புண்ணியம்."

அதோடு எனக்கு எல்லாம் விட்டுப்போனது. அழுகைகூட வரவில்லை. "சரி, பைய எடுத்துக்கிட்டு ஏறு, நேரமாச்சு" என்றார் மாமியார். நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"நான் வரல அத்த. வண்டிதான ஓடலன்னு அனுப்பிச்சீங்க. அது ஓடுது. கூட்டிக்கிட்டுப் போங்க."

அப்பா பதறினார். வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். மாமியார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "கெடக்கட்டும். பழுது ஒண்ணு கழிஞ்சுச்சு" என்றார், அதே மெல்லிய குரலில். பிறகு இடுப்பில் இருந்த சுருக்குப்பையைத் திறந்து புதுத் தகடு ஒன்றை எடுத்தார். பழையதைப் போல இரண்டு மடங்கு நீளம், நல்ல கனம். பழையதற்குச் சக்தி குறைந்திருக்கும் என்று வரும் வழியிலேயே கோடாங்கியிடம் போய் எழுதி வாங்கியிருக்கிறார். மகனைப் பானட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாய் தள்ளிக் கட்டிய வயரைப் பழைய இடத்துக்கே இழுத்து, அதே இரும்புப் பட்டையோடு சேர்த்துக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். மகன் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பானட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க அத்த" என்றேன். "போன தடவ மாதிரி கழண்டுறப் போகுது."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையைக் கையால் இழுத்து, நன்றாக இறுக்கிக் கட்டினார்.